கஞ்சா: விசாரித்த அன்றும் விசாரிக்காத இன்றும்

இருபதாம் நூற்றாண்டு பிறந்த சமயம். சென்னை மாகாணத்தில் கஞ்சா பயிரிட அரசாங்கம் அனுமதித்திருந்த இடங்கள் மிகச் சில. அவற்றில் ஒன்று வட ஆற்காட்டின் ஜவ்வாது மலை. அங்கே உரிமம் வாங்கிப் பயிரிட்டார்கள். விளைந்தது அரசுக் கிடங்குக்குப் போய், எடை பார்க்கப்பட்டு, வரி விதிக்கப்பட்டு, உரிமம் பெற்ற கடைக்காரரின் கைக்கு வந்தது. ஒருவர் எவ்வளவு வைத்திருக்கலாம் என்பதற்கும் வரம்பு இருந்தது.

இன்று அதே மலைக்கு அருகிலுள்ள ஜோலார்பேட்டையிலும் காட்பாடியிலும் வடக்கிலிருந்து வரும் ரயில்களில் போலீசார் ஏறி இருக்கைக்கு அடியில் குனிந்து பார்க்கிறார்கள். யாருடையது என்று கேட்டால் யாரும் வாய் திறக்காத பை ஒன்று கிடைக்கிறது. உள்ளே பழுப்பு நிற டேப் சுற்றிய கஞ்சாப் பொட்டலங்கள். மறுநாள் நாளிதழில் நான்கு வரிச் செய்தி.

கிடங்குக்கும் இந்தப் பைக்கும் நடுவே ஏறத்தாழ நூற்று இருபது ஆண்டுகள். செடி மாறியிருக்கிறது, அதை வளர்க்கும் மலை மாறியிருக்கிறது, புகைக்கும் ஆளின் வயது மாறியிருக்கிறது. இவை எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் ஒன்று உண்டு. அன்றைய அரசாங்கம் முடிவெடுப்பதற்கு முன் விசாரித்தது. இன்று விசாரணை இல்லாமலேயே ஒரு பக்கம் தடை தொடர்கிறது, மறுபக்கம் தடையை நீக்கச் சொல்லும் குரல் உயர்கிறது.

பித்துக்குக் காரணம் எழுதியவர் யார்?

1893 மார்ச்சில் லண்டன் நாடாளுமன்றத்தில் டபிள்யூ. எஸ். கெய்ன் என்ற உறுப்பினர் ஒரு கேள்வி எழுப்பினார். அவர் மதுவிலக்கு இயக்கத்துக்காரர். வங்காளத்தில் கஞ்சா விளைவதாலும் விற்பதாலும் மக்களின் உடலும் ஒழுக்கமும் என்ன ஆகின்றன என்று ஆராய ஒரு குழு வேண்டும் என்றார். வங்காளத்துக்கு மட்டும் போதாது, இந்தியா முழுவதற்குமே ஆராயலாம் என்று அரசு முடிவு செய்தது. டபிள்யூ. மாக்வொர்த் யங் தலைமையில் ஏழு பேர் கொண்ட இந்தியக் கஞ்சா ஆணையம் அந்த ஆண்டே வேலையைத் தொடங்கியது. ஏழு பேரில் மூவர் இந்தியர்கள்.

அவர்கள் வேலை செய்த விதத்தை இன்று படித்தாலும் மரியாதை தோன்றுகிறது. ஒரு நீண்ட கேள்விப் பட்டியலைத் தயாரித்து மாகாணந்தோறும் அனுப்பினார்கள். 1,193 பேரிடம் சாட்சியம் வாங்கினார்கள். மாவட்ட அதிகாரிகள், மருத்துவர்கள், வைத்தியர்கள், பாதிரியார்கள், விவசாயிகள், வியாபாரிகள் என்று பலதரப்பட்டவர்கள் பதில் சொன்னார்கள். ஒரு குரங்கைக் கஞ்சாப் புகைக்கு மாதக்கணக்கில் உட்படுத்தி அதன் மூளையைப் பரிசோதிக்கவும் செய்தார்கள். 1894-இல் வந்த அறிக்கை ஏழு தொகுதிகள், மூவாயிரம் பக்கங்களுக்கு மேல்.

அதில் மனநலக் காப்பகங்களைப் பற்றிய பகுதியை இந்த விவாதத்தில் இறங்கும் எல்லோரும் ஒருமுறை படிக்க வேண்டும். கஞ்சா குடித்தால் பித்துப் பிடிக்கும் என்பது அன்று எல்லோரும் நம்பிய செய்தி. அதற்கு ஆதாரமாகக் காப்பகப் பதிவேடுகளைக் காட்டினார்கள். 1892-இல் சேர்க்கப்பட்ட 1,344 பேரில் 222 பேருக்குக் காரணம் என்ற இடத்தில் கஞ்சா அல்லது அதன் உறவுப் பொருள்கள் எழுதப்பட்டிருந்தன. ஆணையம் அந்த எண்ணிக்கையை அப்படியே ஏற்கவில்லை. ஒவ்வொரு ஆளின் கதையையும் ஊர் வரைக்கும் போய்த் தேடியது. அப்போது தெரிந்தது, அந்தக் காரணத்தை எழுதியவர் பெரும்பாலும் மருத்துவரே அல்ல. நோயாளியைப் பிடித்து வந்த போலீஸ்காரரோ, அனுப்பிவைத்த மாஜிஸ்திரேட் அலுவலகமோ எழுதியது. படிவத்தில் ஒரு காரணம் எழுதியாக வேண்டும், உறவினர் யாரும் கூட வரவில்லை, கஞ்சா என்று எழுதிவிடுவது எளிது. திரும்ப ஆராய்ந்தபோது 222 என்பது 98 ஆகக் குறைந்தது. அந்த 98-இலும் கஞ்சா மட்டுமே காரணம் என்று சொல்லத்தக்கவை 61.

பழியை அளந்து பார்த்த ஆணையம், செடியை நிரபராதி என்று விட்டுவிடவும் இல்லை. மிதமாகப் பயன்படுத்துவோருக்குப் பெரிய கேடு தெரியவில்லை, மிஞ்சினால் உடலுக்கும் மனத்துக்கும் கேடு உண்டு என்று இரண்டையும் எழுதியது. முழுத் தடை போட்டால் மக்கள் மதுவுக்கும் ஊமத்தை போன்ற கொடிய பொருள்களுக்கும் போவார்கள் என்ற எச்சரிக்கையையும் பதிந்தது. பயிரிடும் இடத்தைக் குறைப்பது, கடைகளைக் குறைப்பது, வரியை ஏற்றுவது, கைவசம் வைத்திருக்கும் அளவுக்கு வரம்பு வைப்பது என்பவை அதன் பரிந்துரைகள். ஜவ்வாது மலை போன்ற சில இடங்களுக்குள் பயிர் ஒடுங்கியது இந்தப் போக்கின் விளைவுதான்.

அது அந்நிய ஆட்சி என்பதை மறந்துவிட்டு இதைப் பாராட்ட முடியாது. கஞ்சா கலால் வரியாகப் பெரும் பணம் தந்த சரக்கு. வங்காளத்தில் இப்போது வங்கதேசத்தில் உள்ள நவுகாவ்ன் வட்டாரமே அரசு மேற்பார்வையில் கஞ்சா விளைவித்து வருமானம் ஈட்டிய பூமி. வருமானம் வாங்கும் கை நியாயம் சொல்லும்போது சந்தேகம் வருவது இயல்பு. ஆனாலும் எந்த எண்ணையும் வேர் வரை போய்ப் பார்க்காமல் நம்பமாட்டோம் என்ற அந்தப் பிடிவாதம் போற்றத்தக்கது. அதை நாம் இழந்துவிட்டோம் என்பதுதான் என் வருத்தம்.

கதவு மூடிய வரலாறு

1925-இல் ஜெனிவாவில் கூடிய சர்வதேச அபின் மாநாட்டில் எகிப்தின் பிரதிநிதி கஞ்சாவையும் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று வற்புறுத்தினார். அன்று முதல் அது உலக நாடுகளின் விவகாரமானது. 1961-இல் ஐக்கிய நாடுகளின் ஒப்பந்தம் வந்தது. மருத்துவமும் அறிவியலும் தவிர்த்த பயன்பாட்டை 25 ஆண்டுகளுக்குள் நிறுத்த வேண்டும் என்று அது கெடு வைத்தது. இந்தியாவின் பழக்கவழக்கங்களை நினைத்துத்தான் அந்த அவகாசமே சேர்ந்தது. கெடு நெருங்கிய வேளையில், 1985-இல், ராஜீவ் காந்தி அரசு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. செப்டம்பரில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல், நவம்பர் 14 முதல் நடைமுறை.

1985 வரை இந்தியா முழுவதும் கஞ்சா தடையின்றி இருந்தது என்று சட்டபூர்வமாக்கக் கோருவோர் சொல்வதுண்டு. தமிழ்நாட்டுக்கு அது பொருந்தாது. 1937-இல் ராஜாஜி அரசு இயற்றி, அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்குச் சட்டத்திலேயே கள், சாராயத்தோடு கஞ்சாவும் சேர்க்கப்பட்டது. கஞ்சாச் செடி பயிரிடுவதும் அந்தச் சட்டப்படி குற்றம். 1948-இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. 1971-இல் கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தளர்த்தியபோது சாராயத்துக்கும் கள்ளுக்கும் கதவு திறந்தது, கஞ்சாவுக்குத் திறக்கவில்லை. ஏன் ஒன்றுக்குத் திறந்தது, மற்றொன்றுக்கு மூடியே இருந்தது? இந்த நாட்டின் போதைக் கொள்கையில் முடிவுகளுக்குப் பஞ்சமே இல்லை. காரணங்களுக்குத்தான் பஞ்சம்.

1985 சட்டத்துக்குள்ளேயே ஒரு விசித்திரம் இருக்கிறது. அது தடுப்பது பூங்கொத்தையும் பிசினையும்தான். இலையும் விதையும், பூ சேராமல் தனியாக இருந்தால், கஞ்சா என்ற வரையறைக்குள் வராது. அதனால் வாரணாசியிலும் ஜெய்சல்மேரிலும் அரசு உரிமம் பெற்ற கடையில் இலையை அரைத்த பாங்கு இன்றும் விற்கிறது, சிவராத்திரிக்கும் ஹோலிக்கும் குடும்பமாகவே குடிக்கிறார்கள். அதே செடியின் பூவை மதுரையில் ஒருவன் மடித்துப் புகைத்தால் கைது.

பிடிபடுபவன் யார்?

தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் தேனி மாவட்டத்து மலைகளில் திருட்டுத்தனமாகப் பயிர் நடந்தது. தொடர்ந்த அழிப்புக்குப் பிறகு இங்கே பயிர் இல்லை என்று காவல்துறை சொல்கிறது. பயிர்தான் இடம் மாறியது. ஆந்திரத்தின் கிழக்குத் தொடர்ச்சி மலையில் பாடேரு, சிந்தப்பள்ளி, சீலேறு பகுதிகளிலும், எல்லைக்கு அப்பால் ஒடிசாவின் மல்கான்கிரி, கோராபுட் காடுகளிலும் பழங்குடிகளின் நிலத்தில் அது வேரூன்றியது. அங்கே வியாபாரி விதையையும் முன்பணத்தையும் கொண்டுவந்து தருகிறார். காப்பியும் மிளகும் காய்க்கப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும், சாலை இல்லாத ஊரிலிருந்து காய்கறியைச் சந்தைக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. கஞ்சாவை வாங்க ஆள் வீட்டு வாசலுக்கே வருகிறான்.

ஆந்திர அரசு 2021 இறுதியில் தொடங்கிய 'பரிவர்த்தன்' நடவடிக்கையில் ஆயிரக்கணக்கான ஏக்கர் பயிரை அழித்தது. 2022 பிப்ரவரியில் அனகாபள்ளி அருகே சுமார் இரண்டு லட்சம் கிலோ கஞ்சாவைக் குவித்துத் தீ வைத்தது. தமிழ்நாடு காவல்துறை 'கஞ்சா வேட்டை' என்ற பெயரில் அடுத்தடுத்து நடவடிக்கைகள் எடுத்தது. அவற்றில் உழைத்த காவலர்களின் நேர்மையைக் குறைத்து மதிப்பிடும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் வேட்டைக்கு இரண்டு, மூன்று, நான்கு என்று எண் ஏறிக்கொண்டே போவது, ஒவ்வொன்றுக்குப் பிறகும் சரக்கு திரும்பி வந்தது என்பதையும் சேர்த்தே சொல்கிறது. ராமேசுவரம், வேதாரண்யம் கரைகளிலிருந்து படகில் ஏற்றி இலங்கைக்குக் கடத்தும் வழியும் இன்னும் அடைபடவில்லை.

வலையில் விழுபவர்களைப் பாருங்கள். சட்டப்படி ஒரு கிலோ வரை சிறிய அளவு, ஓராண்டு வரை சிறை. 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு, குறைந்தது 10 ஆண்டுகள், அதிகம் 20 ஆண்டுகள், அதோடு லட்ச ரூபாய்க்குக் குறையாத அபராதம். வணிக அளவு வழக்கில், குற்றம் செய்திருக்க மாட்டார் என்று நீதிபதிக்கே நியாயமான நம்பிக்கை வந்தால்தான் ஜாமீன். இந்தப் பத்தாண்டுத் தண்டனை பெரும்பாலும் பையைத் தூக்கி வந்த கூலியின் தலையில் விழுகிறது. ஒரு நடைக்குச் சில ஆயிரம் ரூபாய் என்று பேசி அனுப்பப்பட்டவர்கள், சில நேரம் பெண்கள். முன்பணம் கொடுத்த வியாபாரியின் பெயர் குற்றப்பத்திரிகையில் அபூர்வமாகத்தான் வருகிறது.

புகைப்பவனுக்கும் சிறை உண்டு, ஆறு மாதம் வரை. சிகிச்சைக்குத் தானாக முன்வரும் அடிமைப்பட்டவரை வழக்கிலிருந்து விடுவிக்க அதே சட்டத்தின் 64ஏ பிரிவு வழி வைத்திருக்கிறது. அந்தப் பிரிவு இருப்பது எத்தனை பெற்றோருக்குத் தெரியும்? பையன் பிடிபட்டான் என்று இரவில் காவல் நிலைய வாசலில் நிற்கும் அப்பா அம்மாவிடம் அதை யார் எடுத்துச் சொல்கிறார்கள்?

மருந்தாக இருந்த செடி

கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேலை பார்த்த அயர்லாந்துக்காரர் வில்லியம் ப்ரூக் ஓஷானசி 1839-இல் கஞ்சாவின் மருத்துவப் பயனைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். நம் வைத்தியர்களிடமும் ஹக்கீம்களிடமும் கேட்டறிந்து, முதலில் விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்து, பிறகே நோயாளிகளுக்குக் கொடுத்தார். வலிப்பு கண்ட கைக்குழந்தை ஒன்றுக்குத் துளித் துளியாகக் கொடுத்து வலிப்பு அடங்கியதையும் எழுதினார். அவர் வழியாகத்தான் மேற்கு உலகின் மருந்துக் கடைகளுக்கு இந்தச் செடி போனது. சித்த மருத்துவத்தில் லேகியங்களில் சுத்தி செய்து சேர்க்கும் சரக்காக அது அதற்கும் வெகு முன்பே இருந்தது.

2018-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, கஞ்சாச் செடியிலிருந்து பிரித்த கன்னபிடையால் என்ற பொருளை, குழந்தைகளைத் தாக்கும் இரண்டு கடுமையான வலிப்பு நோய்களுக்கு மருந்தாக அனுமதித்தது. அந்தப் பொருள் போதை தராது. கல்கத்தாவில் ஒரு குழந்தையிடம் கண்ட பயன், முறையான சோதனைகளில் உறுதிப்பட நூற்று எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. இடையில் ஆராய்ச்சிக்குக்கூடச் செடி கிடைக்காத நீண்ட காலம் ஒன்று கழிந்தது. அந்தக் காலத்தில் வலிப்பில் துடித்த குழந்தைகளை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையத்தில், மிகக் கொடிய பொருள்களின் பட்டியலிலிருந்து கஞ்சாவை எடுக்க வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 27, எதிர்ப்பு 25. இந்தியா ஆதரித்து வாக்களித்தது. உத்தராகண்ட் இந்தச் செடியை நார்ச் சணலாக வளர்க்க உரிமம் தருகிறது. இமாச்சலப் பிரதேசம் மருந்துக்கும் தொழிலுக்கும் பயிரிடுவதை ஆராயக் குழு அமைத்து, 2024-இல் சட்டமன்றத்தில் தீர்மானமும் நிறைவேற்றியது. ஜம்முவில் உள்ள மத்திய அரசின் ஆய்வு நிறுவனம் மருந்துக்கான ஆராய்ச்சி நடத்துகிறது. கதவு ஒரு விரற்கடை திறந்திருக்கிறது.

பழைய விடை போதாது

தடையை நீக்கச் சொல்வோர் 1894 அறிக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு, அன்றே சொல்லிவிட்டார்கள், மிதமாகக் குடித்தால் கேடில்லை என்கிறார்கள். இங்கேதான் நான் அவர்களோடு உடன்படவில்லை. அன்றைய செடி வேறு. அமெரிக்காவில் கைப்பற்றிய கஞ்சாவைப் பரிசோதித்ததில், போதை தரும் டி.எச்.சி. அளவு 1995-இல் நூற்றுக்கு நான்காக இருந்தது, 2014-இல் ஏறத்தாழ பன்னிரண்டு. ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் நடத்தி, 2019-இல் லான்செட் சைக்யாட்ரி இதழில் வெளியான ஆய்வு ஒன்றில், தினமும் புகைப்போருக்கு மனச்சிதைவு போன்ற நோய் வரும் வாய்ப்பு, தொடாதவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. வீரியம் மிக்கதைத் தினமும் புகைப்போருக்கு ஐந்து மடங்கு அளவு. 61 என்று நம் ஆணையம் எண்ணிய காலத்து அமைதி இந்தச் சரக்குக்குப் பொருந்தாது.

புகைப்பவரும் வேறு. அன்றைய சாட்சியங்களில் விவரிக்கப்படும் புகைப்பவர்கள் பெரும்பாலும் சாதுக்கள், கடும் உடலுழைப்பாளிகள், முதியவர்கள். இன்று கவலை, பள்ளி மேல்வகுப்பிலும் கல்லூரி முதலாண்டிலும் இருக்கும் பிள்ளைகளைப் பற்றியது. மூளை வளர்ந்து முடியாத வயது அது. எய்ம்ஸ் மருத்துவமனை மத்திய அரசுக்காக நடத்தி 2019-இல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஓராண்டில் கஞ்சாவின் ஏதோ ஒரு வடிவத்தைத் தொட்டவர்கள் சுமார் 3.1 கோடி. அவர்களில் பாங்கு பயன்படுத்தியோர் 2.2 கோடி, கஞ்சாவும் சரசு எனப்படும் பிசினும் பயன்படுத்தியோர் 1.3 கோடி. உதவி தேவைப்படும் அளவுக்குச் சிக்கியவர்கள் 72 லட்சம். மூன்று கோடிப் பேரையும் சிறையில் அடைக்க முடியாது, அடைக்கவும் கூடாது. 72 லட்சம் பேரைக் கைவிடவும் முடியாது. இந்த இரண்டையும் ஒருசேர மனத்தில் வைத்தே யோசிக்க வேண்டும்.

திறந்துவிட்ட நாடுகளின் அனுபவமும் ஒரே மாதிரி இல்லை. கனடா 2018 அக்டோபரில் சட்டபூர்வமாக்கியபோது வயது வரம்பு, வெறும் உறை, விளம்பரக் கட்டுப்பாடு என்று முன்கூட்டியே திட்டமிட்டது. ஜெர்மனி 2024 ஏப்ரலில் 25 கிராம் வைத்திருக்கவும், வீட்டில் மூன்று செடி வளர்க்கவும் அனுமதித்தது. கடைகளைத் திறக்கவில்லை. தாய்லாந்து 2022 ஜூனில் போதைப்பொருள் பட்டியலிலிருந்து கஞ்சாவை எடுத்துவிட்டு, ஒழுங்குபடுத்தும் சட்டத்தைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டது. பாங்காக் தெருக்களில் ஆயிரக்கணக்கில் கடைகள் முளைத்தன. மூன்று ஆண்டுகள் கழித்து, 2025 ஜூனில், மருத்துவர் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்று திரும்ப இறுக்கியது. சட்டம் எழுதாமல் கதவைத் திறந்தால், பிறகு மூடும்போது சாமானியர்தான் அடிபடுகிறார்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இன்னொரு பயம் உண்டு, அது நியாயமான பயம். அரசு ஒழுங்குபடுத்தும் என்று கேட்டதும் நமக்கு நினைவுக்கு வருவது அரசின் மது விற்பனை நிறுவனமான டாஸ்மாக். 2003-இல் சில்லறை விற்பனை அரசு கைக்கு வந்தது. இன்று ஆண்டுக்கு 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் வருமானம். அந்தப் பணம் பழகிப்போன அரசால், ஆட்சியில் யார் இருந்தாலும், அதைக் கைவிட முடியவில்லை. வெள்ளைக்காரன் கலால் வரிக்காகச் செய்ததை நாம் இன்னும் பெரிதாகச் செய்துகொண்டிருக்கிறோம். கஞ்சாவையும் அந்தக் கல்லாவோடு சேர்ப்பதை நான் எதிர்ப்பேன்.

மறுபடியும் கேட்போம்

2016-இல் பாட்டியாலா நாடாளுமன்ற உறுப்பினர் தரம்வீரா காந்தி, செயற்கையல்லாத போதைப் பொருள்களை மருத்துவ மேற்பார்வையில் ஒழுங்குபடுத்தத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அவர் இதயநோய் மருத்துவர். பஞ்சாப் கிராமங்களில் ஹெராயினுக்குப் பலியான இளைஞர்களைக் கண்டவர். அவர் சொல்வதை ஏற்கலாம், மறுக்கலாம். நாட்டின் மன்றம் அதை முழுதாக விவாதிக்கவே இல்லை.

ஆகவே நான் கேட்பது இதுதான். மத்திய அரசு 1893-இல் அமைத்தது போன்ற ஓர் ஆணையத்தை மறுபடி அமைக்கட்டும். அது பாடேரு மலை கிராமத்துக்குப் போகட்டும், புழல் சிறைக்குப் போகட்டும், கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்குப் போகட்டும். சித்த மருத்துவரையும் நரம்பியல் மருத்துவரையும், காவலரையும் கூலியாகப் பை சுமந்தவரையும், பிள்ளையை இழந்த தாயையும், மீண்டு வந்த இளைஞனையும் கேட்கட்டும். எந்தப் படிவத்தில் யார் என்ன காரணம் எழுதினார்கள் என்று ஒவ்வொரு எண்ணையும் துருவட்டும். வருமானத் துறைக்கு அந்த மேசையில் இடம் வேண்டாம்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத வேலை ஒன்று இருக்கிறது. தன் பையில் ஒரு பொட்டலத்தோடு பிடிபட்ட பத்தொன்பது வயதுப் பையனையும், லாரியில் நூறு கிலோ ஏற்றி அனுப்பியவனையும் ஒரே கண்ணால் பார்ப்பதை நிறுத்த வேண்டும். முதலாமவனுக்கு மருத்துவரும் ஆலோசகரும் முன்னால் வரட்டும், வழக்கு பின்னால் நிற்கட்டும். சென்னையில் 1980-இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய போதை மறுவாழ்வு மையமும், அரசு மருத்துவமனைகளில் 2025-இல் வந்த 'கலங்கரை' மையங்களும் வழி காட்டுகின்றன. மாவட்டந்தோறும் அவை போதிய அளவு பெருக வேண்டும், 64ஏ பிரிவு ஒவ்வொரு காவல் நிலையச் சுவரிலும் தமிழில் எழுதப்பட வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை.

1894 ஆணையத்தின் விடைகளில் பாதி இன்றைக்குச் செல்லாது. அவர்கள் கேட்ட கேள்விகளோ இன்னும் அப்படியே நிற்கின்றன. யாருக்குக் கேடு, எவ்வளவு கேடு, தடுத்தால் என்ன ஆகும், விட்டால் என்ன ஆகும்? சொந்த மக்களின் பிள்ளைகளைப் பற்றிய கேள்விகள் இவை. அந்நிய அரசே அத்தனை பாடுபட்டுக் கேட்டதென்றால், நாம் தேர்ந்தெடுத்த அரசுக்கு அதைக் கேட்காமலிருக்க உரிமை இல்லை.